பசம்பூர் வண்டியின் பின்னே

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், மத்தியானச் சாப்பாடு செரித்து இராச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் கிடக்கும் அந்த இடைவேளைதான் பசம்பூருக்கு உரியது. மூன்று மணி சுமாருக்குக் கண்ணாடிப் பெட்டிகள் நிரம்பத் தொடங்கும். முழு இறால் பதித்த மாவுப் பலகாரம் ஒரு தட்டில். தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்த உருண்டை இன்னொன்றில். பொரித்த டோஃபு, அவித்த முட்டை, அவித்த உருளைக்கிழங்கு, கணவாய், மாவில் தோய்த்துப் பொரித்த நண்டு என்று அடுக்கு ஏறிக்கொண்டே போகும். பாதிப் பண்டங்களின் நிறம் செம்மஞ்சள். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது ஒரு பஜ்ஜிக் கடை. கிட்டே போனால்தான் பெட்டிக்குப் பக்கத்தில் மெல்லிய இழைகளாகச் சீவிய வெள்ளரிக்காய்க் குவியலும், அதற்குப் பின்னால் ஆவி பறக்கும் செந்நிறச் சாற்றுப் பானையும் கண்ணில் படும்.

வாங்குகிறவர் இடுக்கியால் வேண்டியதை எடுத்துத் தட்டில் வைப்பார். கடைக்காரர் அதைப் பலகையில் போட்டு நறுக்குவார். அவருடைய கத்தி விழும் வேகத்தில் முட்டையும் டோஃபுவும் அடையாளம் இழக்கும். மேலே வெள்ளரிக்காய், செங்குவாங் எனப்படும் நீர்ச்சத்துள்ள வெள்ளைக் கிழங்கின் சீவல், வெந்நீரில் முக்கியெடுத்த முளைப்பயறு. கடைசியில் அகப்பை நிறையச் சாறு. “குவா லெபே” என்று ஒரு குரல் கொடுத்தால் இன்னோர் அகப்பை விழும். பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவர் “குவா அசிங்” என்பார். சாற்றைத் தனிப் பையில் கட்டித் தருவார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இந்த இரண்டு மலாய்ச் சொற்களிலேயே வேலையை முடித்துக்கொள்கிறார்கள். கடைக்காரர் மட்டும் உள்ளே இருக்கும் பையனிடம் தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தத் தமிழில் கடையநல்லூர் வாடை அடிக்கலாம், இராமநாதபுரம் அடிக்கலாம், நாகூர் அடிக்கலாம். மலேசியாவில் ‘மாமாக்’ என்று அழைக்கப்படுபவர்கள் தமிழ் முஸ்லிம்கள். அங்குள்ள தமிழர்கள் அவர்களை நானா என்றும் காக்கா என்றும் கூப்பிடுவார்கள். பரோட்டாவை ரொட்டி சானாய் என்று ஊருக்கே பழக்கியவர்கள், காவடியில் சோறு சுமந்து விற்று நாசி கண்டாருக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள். இந்த இரண்டும் உலகம் அறிந்தவை. அதே கைகளிலிருந்து வந்த மூன்றாவது பண்டமான பசம்பூர், வெளியூரில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கோலாலம்பூர்ப் பக்கம் அதையே ரோஜாக் மாமாக் என்கிறார்கள், சிங்கப்பூரில் இந்திய ரோஜாக். பினாங்கில் வெறுமனே ரோஜாக் என்று கேட்டால் வேறொன்று வந்து சேரும்: பழத்துண்டுகளின் மேல் கருத்த இறால் விழுதைப் புரட்டிய சீனத் தட்டு. முதல்முறை போகிறவர்கள் இதில் ஏமாறுவதுண்டு.

தமிழ் முஸ்லிம்கள் பினாங்குக்கு வந்தது நேற்றல்ல. 1786-இல் பிரான்சிஸ் லைட் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்ட சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையின் வணிகர்கள் அங்கே தெருக்களை நிரப்பிவிட்டார்கள். சூலியா தெரு இன்றும் அவர்கள் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1801-இல் காதர் முகைதீன் மரைக்காயர் தலைமையில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து கொஞ்சம் நடந்தால் நாகூர் ஆண்டகை பெயரில் ஒரு சிறு தர்கா. கடல் கடந்து போனவர்கள் நாகூரைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள். சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவிலும் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா ஒன்று இருக்கிறது.

முதலில் வந்தவர்கள் துணியும் பாக்கும் விற்ற பெருவணிகர்கள். பின்னால் வந்தவர்களிடம் முதல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. தறி நொடிந்த ஊர்களிலிருந்தும் மழை பொய்த்த ஊர்களிலிருந்தும் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள். 1926-இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குப் பக்கமாக ஆட்களை ஏற்றி இறக்கியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவருக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை கிடைக்கலாம். அது கிடைக்காவிட்டால் அல்லது ஒத்துவராவிட்டால், தலைச்சுமையாகவோ காவடியிலோ தின்பண்டம் விற்கலாம். வாணலி, எண்ணெய், மாவு. இந்த மூன்றும் இருந்தால் கடை போட்டுவிடலாம் என்பது தமிழ்நாட்டுச் சந்தை மூலைகளில் அவர்கள் ஏற்கெனவே கற்ற பாடம்.

சோழமண்டலக் கரையின் முஸ்லிம் ஊர்களில் வாடா என்றொரு பலகாரம் உண்டு. அதிராம்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நோன்பு மாதத்தில் அது இல்லாமல் மாலைப்பொழுது கழியாது. அரிசிமாவைத் தட்டி, உள்ளே தேங்காயும் வெங்காயமும் வைத்து, மேலே இறாலை அழுத்திப் பொரித்தெடுப்பார்கள். மலாய்க்காரர்களின் சுச்சுர் ஊடாங் வேறு. அது கோதுமைமாவைத் தளரக் கரைத்து, முளைப்பயறும் பூண்டுத்தாளும் சேர்த்து, இறாலோடு அகப்பையில் ஊற்றிப் பொரிப்பது. பசம்பூர்ப் பெட்டியில் முதலிடம் பிடிக்கும் இறால் பலகாரம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. எது எதிலிருந்து வந்தது என்று சாதிக்க ஆதாரம் தேட வேண்டியதில்லை. இறால் வாடா தின்று வளர்ந்த ஒருவருக்குச் சுச்சுர் ஊடாங்கைப் பொரிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

தட்டில் இருக்கும் மற்றவற்றின் ஊர்களைப் பார்த்தால் ஒரு பூகோளப் பாடமே இருக்கிறது. டோஃபு சீனர்களுடையது. பயறு இந்தியப் பயிர்தான் என்றாலும் அதை நீளமாக முளைகட்டிக் காய்கறியாக்கிய பழக்கம் சீனர்களிடமிருந்து வந்தது. வெள்ளரி இமயமலை அடிவாரத்துச் சொத்து. செங்குவாங் மெக்சிகோ பக்கத்திலிருந்து ஸ்பானியர் கப்பலில் பிலிப்பைன்ஸுக்கு வந்து, அங்கிருந்து இறங்கியது. சாற்றில் சேரும் நிலக்கடலை, மிளகாய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தட்டில் கிடக்கும் உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கொலம்பஸுக்கு முன்னால் இந்தத் தட்டைப் போட்டிருந்தால் இந்தச் சாறும் கிழங்குகளும் இருந்திருக்காது. அரசியல்வாதிகள் மேடையேறினால் “நம் நாடு ஒரு ரோஜாக்” என்று தொடங்குவது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தேய்ந்துபோன உவமை. தட்டின் முன்னால் உட்கார்ந்தவருக்கு அதெல்லாம் நினைவுக்கு வராது. சாறு எப்படி இருக்கிறது என்பதுதான் அவருடைய கவலை.

சாறுதான் எல்லாம். பலகாரங்களைப் பொறுத்தவரை கடைக்குக் கடை பெரிய வித்தியாசம் கிடையாது. சிலர் மொத்தமாகப் போடுகிறவர்களிடமே வாங்கிவிடுகிறார்கள். சாற்றை மட்டும் யாரும் வெளியில் விட மாட்டார்கள். அடுத்த தலைமுறைக்குக் கடையை எழுதிக்கொடுத்த பிறகும் மசாலாவை வறுக்கும் வேலையைத் தாமே வைத்துக்கொள்ளும் பெரியவர்களை அந்த ஊர்களில் பார்க்கலாம்.

செய்முறையின் எலும்புக்கூடு எல்லாருக்கும் தெரிந்ததுதான். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தோலுரித்து, கட்டியில்லாமல் மசிக்க வேண்டும். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, பச்சைவாடை போய் எண்ணெய் மேலே வரும்வரை வதக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் என்ன சேர்த்தாலும் சாறு தேறாது. வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துக்கொண்டு, மசித்த கிழங்கோடு மிளகாயில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கிண்ட வேண்டும். இனிப்புக்குப் பனைவெல்லமோ சர்க்கரையோ. புளிப்புக்குப் புளிக்கரைசல், சில கடைகளில் வினிகர். உப்பு. கரண்டியைத் தூக்கினால் சாறு அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும்.

கிழங்கு ஏன் என்ற கேள்விக்கு அடுப்படியிலேயே பதில் இருக்கிறது. வெறும் கடலையை அரைத்துக் காய்ச்சினால் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். ஆறினால் அடியில் இறுகும். கிழங்கின் மாவுச்சத்து வெந்து விரிந்து அந்த எண்ணெயைத் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. அதனால் சாறு வெள்ளரிக்காயிலிருந்து வழுகி ஓடாமல் ஒவ்வொரு இழையிலும் தங்குகிறது. இனிப்பும் பாதி அதிலிருந்தே வந்துவிடும். கடலையைவிடக் கிழங்கு மலிவு என்பதும் கைமுதல் குறைந்த வியாபாரிக்குச் சும்மா விடக்கூடிய விஷயமல்ல. ஜாவாக்காரர்களின் காய்கறித் தட்டுகளான காடோ-காடோவிலும் பெச்செலிலும் சாறு முழுக்கக் கடலை. சத்தேக்குத் தொட்டுக்கொள்ளும் சாறும் அப்படித்தான். அவற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பசம்பூருக்கு வருகிறவர் இதில் கடலை குறைவு என்று குறைப்படலாம். அந்தக் குறைதான் இதன் தனிச்சுவை. கிழங்கு முன்னே நின்று கடலை பின்னே வரும் சாறே மாமாக்குடையது. கடலையை அள்ளிப்போட்டுக் கெட்டியாக்கும் கடைகள் காசு செலவழித்துக் கெடுத்துக்கொள்கின்றன என்றே சொல்ல வேண்டும்.

இதே கிழங்குக் கைவேலை மற்ற பானைகளிலும் தெரியும். மாமாக் கடையின் மீ ரெபுஸ் என்ற நூடுல்ஸ் பண்டத்தின் குழம்பு கெட்டிப்படுவது சர்க்கரைவள்ளியால்தான். பினாங்கின் மீ கோரெங்கில் பசம்பூர்ப் பலகாரத் துண்டுகள், உருளைக்கிழங்கு, டோஃபு, காரச் சாற்றில் வெந்த கணவாய் எல்லாம் நூடுல்ஸோடு புரளும். ஒரு அடுப்பில் செய்தது மூன்று பண்டங்களுக்குப் போகும்படி யோசித்துக் கட்டிய கடை அது.

பினாங்குக்கு வரும் சுற்றுலாப் பயணிகளைப் பசம்பூருக்காகக் கர்னி டிரைவுக்குக் கைகாட்டுவது வழக்கம். 1951-இல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் பதுங்கித் தாக்குதலில் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னியின் பெயர் தாங்கிய கடலோரச் சாலை அது. கடல் இப்போது சாலையை ஒட்டி இல்லை. மண்ணிட்டு நிலத்தை விரித்து, கர்னி பே என்ற பூங்கா அமைத்திருக்கிறார்கள். இங்குள்ள பசம்பூர்க் கடைகள் கண்ணுக்கு விருந்து: நண்டுக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகள், உள்ளங்கை அளவு இறால் அப்பங்கள், முழுக் கணவாய்கள், எல்லாவற்றுக்கும் மேல் வெளிச்சம். படம் எடுக்காமல் யாரும் நகர்வதில்லை.

சாப்பாடு என்று பார்த்தால் தீர்ப்பு வேறு. நண்டும் பெரிய கணவாயும் பசம்பூருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட ஆடம்பரம். மாவு மூடிய நண்டின் ஓட்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது சாறு ஆறிப்போகும், வெள்ளரிக்காய் தண்ணீர் விடும். இடுக்கியைக் கையில் கொடுத்து “எடுத்துக்கங்க பாஸ்” என்று கடைக்காரர் ஒதுங்கி நிற்கும்போது, கண் ஆசைக்கு எடுத்துவைத்த துண்டுகளின் கணக்கு பிறகுதான் தெரியும். விலை துண்டுக் கணக்கு. தட்டுக்கு இவ்வளவு என்று நினைத்து வந்தவர்கள் பில்லைப் பார்த்து முகம் சுருங்குவது அங்கே அபூர்வமான காட்சியல்ல. உள்ளூர்க்காரர்கள் முட்டை ஒன்று, டோஃபு ஒன்று, இறால் பலகாரம் இரண்டு, உருளைக்கிழங்கு கொஞ்சம் என்று நிறுத்திக்கொள்வார்கள். சாறு மட்டும் தாராளமாகக் கேட்பார்கள். சாற்றுக்குத் தனிக் காசு கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பினாங்குச் சீனர்களுக்கும் தங்களுடைய பசம்பூர் உண்டு. ஹொக்கியன் மொழியில் சே ஹூ என்பார்கள். அடிப்படை அதே வெள்ளரி, செங்குவாங், பலகாரம், கிழங்குச் சாறு. யார் யாரிடம் எடுத்தார்கள் என்று அங்கே யாரும் வழக்குத் தொடுத்ததாகத் தெரியவில்லை. மாமாக்கின் தட்டில் பன்றி இருக்க வழியில்லை, மாடும் பெரும்பாலும் கிடையாது. கடல் பண்டம், முட்டை, டோஃபு, கிழங்கு. பள்ளிவாசலுக்குப் போகிறவரும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவரும் சீனக் கோயிலுக்குப் போகிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தின்னக்கூடிய தட்டுகள் அந்த நாட்டில் எத்தனை என்று எண்ணினால், இதற்கு ஏன் இவ்வளவு கூட்டம் என்பது விளங்கிவிடும்.

தீவிலிருந்து படகில் பட்டர்வொர்த் கரைக்கு வந்து ரயில் ஏறினால் தைப்பிங். மலேசியாவின் முதல் ரயில் பாதை 1885-இல் போட்டது இந்த ஊரிலிருந்துதான். ஈயம் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போவதற்கு. அதைவிட ஊரின் பெரிய புகழ் மழை. நாட்டிலேயே அதிக மழை பெய்யும் நகரங்களில் ஒன்று. மழை நகரத்தில் ஐஸ் பண்டத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் தைப்பிங்கின் பாரக் ரோடு செண்டோலுக்குப் பேர்போனது. தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சை நிறத்தில் புழுப்போல் நெளியும் அரிசிமாவு இழைகள், மேலே சீவிய ஐஸ். அன்சாரி போன்ற பழைய கடைகளில் செண்டோல் கேட்டு உட்கார்ந்தவர் பக்கத்துத் தட்டைப் பார்த்துப் பசம்பூரும் சொல்லிவிடுவார்.

இந்த இரண்டையும் யார் முதலில் ஜோடி சேர்த்தாரோ, அவர் சாப்பாட்டு அறிவுள்ளவர். பசம்பூரின் காரம் உதட்டில் எரியத் தொடங்கும் நேரம் பார்த்துத் தேங்காய்ப்பால் வருகிறது; தேங்காய்ப்பாலின் இனிப்பு திகட்டும்போது மறுபடி சாறு. வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் ஊருக்குத் தோதான சாப்பாடு. மலேசியா முழுக்க இன்று ரோஜாக் வண்டி நிற்கும் இடத்தில் செண்டோல் வண்டியும் நிற்கும். பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒருவரே முதலாளி.

தைப்பிங்குக்குத் தெற்கே, பேராக் ஆற்றங்கரையில் தெலுக் இந்தான். 1885-இல் கட்டிய சாய்ந்த மணிக்கூண்டு ஊரின் நடுவில் நிற்கிறது. பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களில் பலர் அடுத்து விசாரிப்பது மஸ்தான் கனி ரோஜாக்கை. ஊரின் பெயரோடு ஒட்டிப்போன பெயர் அது. தேயிலைக்கோ ரப்பருக்கோ வந்த தமிழர்களின் கதைகள் புத்தகங்களில் நிறைய. ஒரு சிற்றூரின் அடையாளத்தையே ஒரு தட்டு ரோஜாக்கால் எழுதிய தமிழ் முஸ்லிம்களின் கதை அவற்றில் ஓரிரண்டு வரிக்கு மேல் கிடைப்பதில்லை.

கோலாலம்பூரை நெருங்க நெருங்கப் பெயர் ரோஜாக் மாமாக் என்று மாறுகிறது, கடை வண்டியாகிவிடுகிறது. சுபாங் ஜெயாவின் எஸ்எஸ் 15 வட்டாரத்தில் மரநிழலில் வேனை நிறுத்தி, பக்கக் கதவைத் தூக்கி, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பரப்பி வியாபாரம் செய்கிறார்கள். கல்லூரி மாணவர்கள், அலுவலகத்திலிருந்து நழுவி வந்தவர்கள், டாக்சிக்காரர்கள். இங்கே இடுக்கியும் இல்லை, பொறுக்குதலும் இல்லை. “ரோஜாக் ஒண்ணு, செண்டோல் ஒண்ணு” என்று சொல்லி உட்கார வேண்டியதுதான். அளவான பலகாரம், ஒரு முட்டை, கேட்டால் காரக் கணவாய். நண்டு மருந்துக்கும் கிடையாது. தட்டு சீக்கிரம் வரும், சாறு சூடாக இருக்கும், விலையில் திகைப்பு இருக்காது. கர்னி டிரைவின் வெளிச்சத்தைவிட இந்த மரத்தடி வேன்கள் பசம்பூரின் பழைய தள்ளுவண்டி மரபுக்குக் கிட்டத்தில் நிற்கின்றன.

எல்லை கடந்து சிங்கப்பூருக்குள் போனதும் தட்டே மாறிவிடுகிறது. கண்ணாடிப் பெட்டியும் பொறுக்கியெடுக்கும் வழக்கமும் அப்படியே. ஆனால் காய்கறி ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. வெள்ளரிக்காய், வெங்காயம், பச்சைமிளகாய் என்று நாலைந்து வில்லைகள் மட்டும். தெம்பே என்னும் நொதித்த சோயாக் கட்டி, மாவு போர்த்திய முட்டை, உருளைக்கிழங்கு, மீன் கேக், சாஸேஜ் என்று பெட்டி பெருத்திருக்கிறது. பல கடைகளில் எடுத்ததை மறுபடி எண்ணெயில் போட்டுச் சூடாக்கி நறுக்கித் தருவார்கள். சாறு தட்டின் மேல் விழாது. தனிக் கிண்ணத்தில் வரும். தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். பினாங்குக்காரர் இதைப் பஜ்ஜியும் சட்னியும் என்று கேலி செய்யலாம், சிங்கப்பூர்க்காரர் பினாங்குத் தட்டைச் சேறு என்று திருப்பலாம். மொறுமொறுப்பு வேண்டுபவருக்குச் சிங்கப்பூர். சாற்றில் ஊறி, பாதி மெத்தென்றும் பாதி நறுக்கென்றும் வாயில் விழ வேண்டுமென்றால் பினாங்குதான். இரண்டாவதே ஒரு படி மேல். கலவைக்கு முயலாமல் தனித்தனியாகத் தின்பதற்கு இத்தனை பண்டம் எதற்கு?

சிங்கப்பூர் ரோஜாக் வியாபாரத்தோடு ஓர் ஊர்ப்பெயர் நெடுங்காலமாகச் சேர்த்துப் பேசப்படுகிறது: தோப்புத்துறை. வேதாரண்யத்தை ஒட்டிய கடற்கரை ஊர், நாகப்பட்டினம் மாவட்டம். 1930-இல் ராஜாஜி உப்பெடுக்க நடந்த மண்ணுக்குப் பக்கத்து மண். அங்கிருந்து வந்தவர்களில் பலர் ரோஜாக் பெட்டியின் பின்னால் நின்று வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்கள். ஒருவர் கடை வைத்தால் தம்பியும் மச்சானும் வந்து சேர்வார்கள். பலகாரம் பொரிக்கக் கற்றுக்கொண்டு அடுத்த தெருவில் தனிக் கடை போடுவார்கள். ஊருக்கென்று ஒரு சங்கமும் சிங்கப்பூரில் இருக்கிறது.

ஒரு காலத்தில் அவர்களுடைய கோட்டை வாட்டர்லூ ஸ்திரீட். தெருவோர ரோஜாக் அங்கே அவ்வளவு பெயரெடுத்ததால், தெருவை விட்டு வெகுதூரம் போய்விட்ட கடைகளின் பலகைகளிலும் ‘வாட்டர்லூ ஸ்திரீட்’ என்ற அடைமொழி இன்னும் தொங்குகிறது. 1968, 69-இல் அரசு தீவு முழுக்கத் தெருவோர வியாபாரிகளைப் பதிவு செய்தது. 1971 தொடங்கி 1986-க்குள் எல்லாரையும் தண்ணீர்க் குழாயும் சாக்கடை வசதியும் கூரையும் உள்ள உணவங்காடிகளுக்குள் கொண்டுபோனது. தள்ளுவண்டி போய், எண்ணிட்ட கடை வந்தது. தேக்கா, ஆயர் ராஜா, கேலாங் சராய் என்று ரோஜாக் சிதறியது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தபோது, அந்தப் பெருமையில் இந்தப் பெட்டிகளுக்கும் பங்கிருந்தது.

அந்தக் கதையில் ஒரு கறுத்த ஏடும் உண்டு. 2009 ஏப்ரலில் கேலாங் சராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்டவர்களில் 150-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். பச்சைக் கடல் பண்டத்திலிருந்து விப்ரியோ வகைக் கிருமி ரோஜாக்கில் தொற்றியிருக்க வேண்டும் என்று விசாரணையில் தெரிந்தது. இந்தப் பண்டத்தின் பலவீனம் அதன் இயல்பிலேயே இருக்கிறது: சமைத்ததும் சமைக்காததும் ஒரே பலகையில் கத்திக்கு வருகின்றன, பொரித்தவை மணிக்கணக்கில் பெட்டியில் காத்திருக்கின்றன, வெப்பமோ முப்பது டிகிரிக்கு மேல். நல்ல கடைக்காரர்கள் காய்கறிக்கு ஒரு பலகை, மற்றவற்றுக்கு ஒரு பலகை என்று பிரித்திருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பொரித்துப் பெட்டியை நிரப்புவார்கள். காலையிலேயே மலைபோல் குவித்துவிட்டு இருட்டும்வரை விற்கும் கடையைவிட, பாதி காலியான பெட்டியோடு வாணலியும் கொதித்துக்கொண்டிருக்கும் கடையை நம்பலாம்.

இவ்வளவு தமிழ்க் கைகள் பட்ட பண்டம் தமிழ்நாட்டில் ஏன் கிடைப்பதில்லை? சென்னையில் பர்மா பஜார் பக்கம் போனால் அத்தோ கிடைக்கிறது. 1960-களில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த தமிழர்கள் நூடுல்ஸும் முட்டைக்கோஸும் புளித்தண்ணீரும் சேர்த்த அந்தப் பண்டத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள்; பிழைக்க வேறு வழியில்லாததால் தெருவில் விற்றார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர்களை அப்படிக் கூட்டமாக யாரும் துரத்தவில்லை. அவர்களில் பலர் அங்கேயே குடியுரிமை வாங்கி, அங்கேயே பிள்ளைகளைப் படிக்கவைத்து, அங்கேயே மண்ணுக்குள் போனார்கள். ஊருக்கு வந்தவர்கள் கைலியும் சென்ட்டும் தைலமும் கொண்டுவந்தார்கள். வாணலியைக் கொண்டுவரத் தேவை ஏற்படவில்லை. அகதிகளின் சாப்பாடு ஊர் திரும்பியது, குடியேறியவர்களின் சாப்பாடு போன இடத்திலேயே நின்றுவிட்டது. சென்னை மண்ணடியில் யாராவது ஒருநாள் கடை போட்டால் ஓடும். சர்க்கரைவள்ளியும் நிலக்கடலையும் இறாலும் நமக்குப் பஞ்சமில்லை, செங்குவாங்குக்குப் பதில் முள்ளங்கி ஆகாது என்பது மட்டும்தான் தடை.

கடைகளில் இப்போது முகங்கள் மாறிவருகின்றன. பெரியவர்களின் பிள்ளைகள் படித்து அலுவலக வேலைக்குப் போய்விட்டார்கள். பெட்டிக்குப் பின்னால் தமிழ்நாட்டிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ ஒப்பந்தத்தில் வந்த இளைஞர்கள் நிற்கிறார்கள். அவர்கள் அடுத்த சம்பளத்துக்கும் விசாவுக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள், சாற்றின் பக்குவத்தை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பொடி கலந்து கொதிக்கவைத்தால் போதும் என்ற சாறு சில இடங்களில் வந்துவிட்டது. நாக்கில் வைத்த உடனே தெரியும்: இனிப்பு முன்னால் ஓடிவரும், மிளகாய் வதங்கிய மணம் இருக்காது.

பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் இதை ஒரு வேளைச் சாப்பாடாக நினைத்துப் பசியோடு போக வேண்டாம். மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், பாதி வயிற்றோடு போங்கள். இடுக்கியைக் கையில் வாங்குமுன் இறால் பலகாரம் என்ன விலை, கணவாய் என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். கேட்பதை அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கடலை ஒவ்வாதவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். சைவம் சாப்பிடுகிறவர்களும் ஜாக்கிரதை: டோஃபுவும் இறாலும் அங்கே ஒரே எண்ணெயில் வேகின்றன, சாதாரண மாவுருண்டையிலும் உலர் இறால் இருக்கலாம். மற்றவர்கள் நண்டை விட்டுவிட்டு, புதிதாகப் பொரித்த இறால் பலகாரம் இரண்டும் முட்டை ஒன்றும் டோஃபு ஒன்றும் எடுத்துக்கொண்டு, “குவா லெபே” என்று சொல்லுங்கள். பக்கத்தில் செண்டோல் வண்டி இருந்தால் அதற்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.